பூனைக்கு இதயச் செயலிழப்பு: நுரையீரலில் ஏன் நீர் சேர்கிறது, வீட்டில் என்ன செய்யலாம்

பூனைக்கு "ஹார்ட் ஃபெயிலியர்" என்று கால்நடை மருத்துவர் சொன்னால், வளர்ப்பவர் காதில் பெரும்பாலும் "இதயம் நிற்கப்போகிறது" என்றுதான் விழுகிறது. சிலர் அதை மாரடைப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். இதய நோய் வந்த நாயைப் பார்த்துப் பழகியவர்கள், "எங்க பூனை இருமவே இல்லையே, அப்புறம் எப்படி?" என்று கேட்கிறார்கள். இன்னும் சிலர் "நுரையீரலில் தண்ணி கோத்திருக்கு" என்று கேட்டதும், வீட்டுக்கு வந்து முதல் வேலையாகத் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிடுகிறார்கள். இவற்றில் கடைசியாகச் சொன்னது பூனையின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். அதனால்தான் இந்த நோய் உள்ளே எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது வளர்ப்பவருக்கு அவசியம். அது புரிந்துவிட்டால் ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு, எதைக் கண்டு பயப்பட வேண்டும், எதைக் கண்டு பயப்பட வேண்டாம் என்பதெல்லாம் தானாகப் பிடிபடும்.

உள்ளே இடம் குறைந்த பஸ்

காலை நேரத்து டவுன் பஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. நேரத்துக்குக் கிளம்புகிறது, வேகமாகப் போகிறது. ஆனால் அதன் சுவர்கள் உள்பக்கமாகத் தடித்துக்கொண்டே வந்து, ஐம்பது பேர் ஏறிய வண்டியில் இப்போது முப்பது பேர்தான் ஏற முடிகிறது. மீதிப் பேர் நிறுத்தத்திலேயே நிற்கிறார்கள். அடுத்த பஸ்ஸிலும் இதே கதை. நிறுத்தம் நிரம்பி, கூட்டம் சாலைக்கு வழிந்து, கடைசியில் பக்கத்துக் கடைகளுக்குள்ளும் புகுந்துவிடுகிறது. சமாளிக்க டிப்போ கூடுதல் நடை விடுகிறது. நடை கூடினால் நிறுத்தத்தில் பஸ் நிற்கும் நேரம் குறையும். ஏறுகிறவர்கள் இன்னும் குறைவார்கள்.

பஸ்தான் பூனையின் இடது கீழறை. இதயத்தின் நான்கு அறைகளில் உடல் முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ளுவது இந்த அறை. நிறுத்தம் என்பது அதற்கு மேலே இருக்கும் இடது மேலறை. நுரையீரலில் காற்றை வாங்கிக்கொண்டு வரும் இரத்தம் இங்கே வந்துதான் கீழறைக்கு இறங்கும். சாலை என்பது நுரையீரலிலிருந்து மேலறைக்கு வரும் இரத்தக் குழாய்கள். கடைகள் என்பவை நுரையீரலின் காற்றறைகள். கூடுதல் நடை என்பது வேகமான இதயத்துடிப்பு.

பூனைகளுக்கு மிக அதிகமாக வரும் இதய நோய், கீழறையின் தசைச்சுவர் தடித்துப்போவது. ஹைப்பர்ட்ராஃபிக் கார்டியோமயோபதி என்று பெயர்; சுருக்கமாக எச்.சி.எம். எக்கோ ஸ்கேனில் பார்த்தால் ஆரோக்கியமான பூனையின் கீழறைச் சுவர், இதயம் தளர்ந்திருக்கும் தருணத்தில், 5 மில்லிமீட்டருக்குள் இருக்கும். 6 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் என்றால், வேறு காரணம் இல்லாத பட்சத்தில், எச்.சி.எம். என்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அந்த இதயமே ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுதான்.

தடித்த சுவர் சுருங்குவதில் சளைப்பதில்லை. விரிந்து கொடுப்பதில்தான் சிக்கல். விறைத்த அறைக்குள் போதிய இரத்தம் இறங்காமல் மேலறையில் தேங்குகிறது, மேலறை வீங்குகிறது, அதற்குப் பின்னால் நுரையீரல் குழாய்களில் அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஒரு அளவைத் தாண்டியதும் இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்ச் சுவரைத் தாண்டிக் கசிந்து காற்றறைகளில் சேர்கிறது. இதுதான் நுரையீரல் நீர்க்கோர்ப்பு. சில பூனைகளில் நீர் நுரையீரலுக்குள் சேராமல், நுரையீரலுக்கும் விலாக்கூட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் சேரும். சிலவற்றில் இரண்டும் நடக்கும்.

சிறுநீரகமும் இதில் பங்கெடுக்கிறது. இதயத்திலிருந்து இரத்தம் குறைவாக வருவதைப் பார்த்து, உடலில் இரத்தமே குறைந்துவிட்டது என்று அது முடிவு செய்கிறது. உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. ஏற்கெனவே நிரம்பி வழியும் நிறுத்தத்துக்கு இன்னும் ஆட்களை அனுப்புவது போன்ற வேலை இது.

ஆக, இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுவிட்டது என்று பொருள் இல்லை. வருகிற இரத்தத்தை இதயத்தால் வாங்கி அனுப்ப முடியாமல் அழுத்தம் பின்னோக்கி ஏறி, நுரையீரலிலோ மார்பிலோ நீர் சேர்ந்த நிலை. நோய் இதயத்தில், மூச்சுத்திணறல் நுரையீரலில். சிகிச்சையின் பெரும்பகுதி நீரை வெளியேற்றுவதும் மறுபடி சேராமல் பார்ப்பதும்தான்.

எந்தப் பூனைக்கு வருகிறது

எச்.சி.எம். அரிதான நோய் இல்லை. பூனைகளில் ஏறத்தாழ 15 சதவீதத்துக்கு இது இருக்கலாம் என்று இதய நிபுணர்கள் மதிப்பிடுகிறார்கள். இதைப் படித்துவிட்டுக் கலங்க வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை எந்தத் தொந்தரவும் இல்லாமலே வாழ்ந்து முடிக்கின்றன. சுவர் தடித்திருப்பது வேறு, இதயச் செயலிழப்பு வேறு. முதலாவது இரண்டாவதில் போய் முடியலாம், முடியாமலும் இருக்கலாம். மேலறை எவ்வளவு வீங்கியிருக்கிறது என்பதை வைத்துத்தான் ஆபத்து எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று மருத்துவர் கணிக்கிறார்.

மெய்ன் கூன் இனத்தில் இதற்குக் காரணமான ஒரு மரபணு மாற்றம் 2005-இலும், ராக்டால் இனத்தில் இன்னொன்று 2007-இலும் கண்டுபிடிக்கப்பட்டன. பெர்சியன் பூனைகளிலும் நோய் காணப்படுகிறது. தெருவில் பிறந்த நாட்டுப் பூனைக்கும் வரும். பெண் பூனைகளைவிட ஆண் பூனைகளுக்கு அதிகம்.

ஸ்டெத்தாஸ்கோப்பை மட்டும் நம்பவும் முடியாது. இதயத்தில் இரைச்சல் கேட்கும் பூனைகள் பலவற்றுக்கு நோய் இருப்பதில்லை. நோய் உள்ள பூனைகள் பலவற்றில் இரைச்சல் கேட்பதில்லை. எக்கோதான் உறுதி செய்யும். வயதான பூனை என்றால் தைராய்டு அதிகமாகச் சுரப்பதும் இரத்த அழுத்தமும் சுவரைத் தடிக்கவைக்கும் என்பதால், அவற்றையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவற்றுக்குத் தனியே மருந்து உண்டு.

இன்னொரு காரணம் நம் வீடுகளுக்கு நெருக்கமானது. டாரின் என்பது இறைச்சியிலும் மீனிலும் இருக்கும் ஒரு சத்து. பூனையின் உடல் அதைப் போதிய அளவு தானே தயாரித்துக்கொள்ளாது. அது குறைந்தால் இதயத்தசை மெலிந்து, தொளதொளத்து, தள்ளும் வலிமையை இழக்கும். அமெரிக்காவில் டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பால் பியோனும் உடன் பணியாற்றியவர்களும் 1987-இல் இதை வெளியிட்டார்கள். டாரின் கொடுத்ததும் அந்தப் பூனைகளின் இதயம் தேறியது. அதன்பின் பூனைத் தீவன நிறுவனங்கள் டாரினைக் கூட்டிச் சேர்த்தன. அந்த வகை நோய் வெகுவாகக் குறைந்தது. ஆனால் தயிர்சாதமும் பால்சாதமும் மட்டுமே சாப்பிட்டு வளரும் பூனைக்கும், நாய்த் தீவனத்தையே பங்கு போட்டுச் சாப்பிடும் பூனைக்கும் அந்த ஆபத்து இன்னும் இருக்கிறது. உங்கள் பூனை என்ன சாப்பிட்டு வளர்ந்தது என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இந்த நோயில் உண்மையாகவே குணமாக்கித் திருப்பக்கூடிய சில வகைகளில் இது ஒன்று.

பூனை எப்படிக் காட்டிக்கொடுக்கும்

பூனை தன் வலியை மறைக்கும். விளையாட்டைக் குறைத்துக்கொள்ளும், கட்டிலுக்கடியில் போய் உட்காரும், சாப்பாட்டை மோந்துவிட்டு நகரும். வயசாகிவிட்டது, வெயில் அதிகம் என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். இருமலை எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். நாய்க்கு இதய நோயில் இருமல் வரும். பூனைக்குப் பெரும்பாலும் வராது. பூனை தொடர்ந்து இருமினால் ஆஸ்துமாவைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள்.

கவனிக்க வேண்டியது மூச்சு. வேகமான மூச்சு, ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு அழுந்தி எழுவது, முழங்கைகளை விலக்கி வைத்துக் கழுத்தை நீட்டி உட்கார்ந்திருப்பது, படுக்க மறுப்பது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது அவசரம். நாய் வாய் திறந்து இளைப்பது இயல்பு. ஓய்வாக இருக்கும் பூனை அப்படிச் செய்தால் அது காற்றுக்குத் தவிக்கிறது என்று பொருள். சளி என்று நினைத்து நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

மருத்துவமனைக்கு முன்கூட்டியே போன் செய்து, மூச்சுத்திணறலோடு வருகிறோம், ஆக்ஸிஜன் தயாராக இருக்கட்டும் என்று சொல்லுங்கள். பூனையைக் கூடையில் வைத்து மேலே மெல்லிய துணி போட்டு, காற்றோட்டமாக எடுத்துப் போங்கள். மடக்கிப் பிடிப்பது, முகத்தில் தண்ணீர் தெளிப்பது, வாயில் எதையாவது ஊற்றுவது வேண்டாம். மூச்சு முட்டும் பூனை பயத்தில் போராடினால் அந்தப் போராட்டமே உயிரைப் பறித்துவிடக்கூடும். மருத்துவர் எக்ஸ்ரேகூட உடனே எடுக்காமல் முதலில் ஆக்ஸிஜன் கூண்டில் வைப்பதும் இதனால்தான், அவசரப்படுத்தாதீர்கள். மார்பு இடைவெளியில் நீர் இருந்தால் ஊசி வழியே உறிஞ்சி எடுப்பார்கள். பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே மூச்சு இலகுவாவதைக் கண்ணால் பார்க்கலாம்.

தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள்

வீட்டுக்கு வந்தபின் உங்கள் கையில் இருக்கும் மிகச் சிறந்த கருவி ஒரு கடிகாரம். நீர் மறுபடி சேரத் தொடங்கினால், பூனை திணறுவதற்கு முன்பே, பல சமயம் ஒன்றிரண்டு நாள் முன்பே, தூக்கத்தில் மூச்சு எண்ணிக்கை ஏறத் தொடங்கிவிடும். அந்த இடைவெளியைப் பிடித்துவிட்டால் மருந்தின் அளவை மாற்றி ஆஸ்பத்திரி வாசத்தையே தவிர்க்க முடியும்.

பூனை அயர்ந்து தூங்கும்போது விலாப்பக்கத்தைப் பாருங்கள். ஒருமுறை உயர்ந்து தாழ்ந்தால் ஒரு மூச்சு. 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். சுகமாகக் குர்குர் என்று சத்தமிடும்போதும், கனவில் காலும் மீசையும் துடிக்கும்போதும், ஓடி விளையாடி வந்த உடனேயும், அறை புழுக்கமாக இருக்கும்போதும் எண்ணினால் கணக்கு தப்பும். எண்ணி முடிப்பதற்குள் விழித்துக்கொள்கிறது என்றால் செல்போனில் வீடியோ எடுத்து அதைப் பார்த்து எண்ணுங்கள், மருத்துவருக்கும் அனுப்பலாம்.

நிமிடத்துக்கு 30-க்குள் இருந்தால் பெரும்பாலும் நல்லது. தூக்கத்திலேயே 30-ஐத் தாண்டினால் சிறிது நேரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். அப்போதும் குறையவில்லை என்றால் அன்றே மருத்துவரை அழையுங்கள். 40-ஐத் தாண்டினால் அழைத்துக்கொண்டே கிளம்புங்கள். இதைவிட முக்கியமாக உங்கள் பூனையின் சொந்த எண்ணைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் 18, 20 என்று இருந்த பூனை இரண்டு நாளாக 28 காட்டினால், 30-ஐத் தொடவில்லை என்று சும்மா இருக்கக் கூடாது. காலண்டர் தாளிலேயே தினமும் அந்த எண்ணை எழுதி வையுங்கள். மருத்துவருக்கு நீங்கள் கொண்டுபோகக்கூடிய தகவல்களில் இதைவிட மதிப்புள்ளது வேறு இல்லை என்றே நினைக்கிறேன்.

மாத்திரைகள் எதற்கு

ஃபியூரோஸமைட்: வீட்டில் பெரியவர்கள் லாசிக்ஸ் என்று சாப்பிடும் அதே மருந்து. சிறுநீரகம் பிடித்து வைத்த உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றும். நிறுத்தத்துக்கு வரும் கூட்டத்தைக் குறைப்பது இதன் வேலை. தடித்த சுவரை இது மாற்றாது. ஆகவே மூச்சு சீராகிவிட்டது என்று நிறுத்தினால் நீர் திரும்பி வரும். சொன்ன நேரத்தில், தவறாமல் கொடுக்க வேண்டும். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது; போன் செய்து கேளுங்கள்.

இந்த மருந்து சாப்பிடும் பூனை நிறையச் சிறுநீர் கழிக்கும், நிறையத் தண்ணீர் குடிக்கும். இரண்டும் எதிர்பார்த்ததுதான். நுரையீரலில் இருப்பது பூனை அன்று குடித்த தண்ணீர் கிடையாது. அழுத்தத்தால் இரத்தத்திலிருந்து கசிந்தது. கிண்ணத்தை எடுத்துவிட்டால் உடல் வறண்டு சிறுநீரகம் அடிபடும். வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர் வையுங்கள், மண் பெட்டியைக் கூடுதலாக ஒன்று வையுங்கள். சிறுநீரகமும் பொட்டாசியமும் எப்படி இருக்கின்றன என்று பார்க்க அவ்வப்போது இரத்தப் பரிசோதனை தேவைப்படும். பூனை சோர்ந்து, சாப்பிடாமல், தலையைத் தொங்கப்போட்டால் அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

குளோபிடோக்ரெல்: மனிதர்களுக்கு ஸ்டென்ட் வைத்தபின் கொடுக்கும் மருந்து இதுவே. வீங்கிய மேலறையில் இரத்தம் தேங்கிச் சுழல்கிறது. தேங்கிய இரத்தம் உறையும். இம்மருந்து உறைகட்டி உருவாகும் வாய்ப்பைக் குறைக்கும். ஏற்கெனவே உறைகட்டி அடைத்து மீண்ட பூனைகளில் இதையும் ஆஸ்பிரினையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. மறுபடி அடைப்பு வருவதற்கான இடைநிலைக் காலம், அதாவது பாதிப் பூனைகளுக்கு அடைப்பு திரும்பிவிடும் காலம், ஆஸ்பிரினில் 192 நாள், குளோபிடோக்ரெலில் 443 நாள். வழக்கமாக 75 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு கொடுக்கச் சொல்வார்கள். மிகக் கசப்பு, நாக்கில் பட்டால் பூனை நுரைநுரையாக எச்சில் விடும், மறுநாள் உங்களைக் கண்டாலே ஓடும். மெடிக்கலில் கிடைக்கும் காலி கேப்ஸ்யூலில் போட்டுக் கொடுத்தால் இந்தத் துன்பம் இல்லை. கொடுத்ததும் கொஞ்சம் ஈர உணவு கொடுங்கள்; உணவுக்குழாயில் ஒட்டாமல் இறங்கும்.

நாய்களுக்கு அதிகம் கொடுக்கப்படும் பிமோபென்டானைச் சில பூனைகளுக்கும் தருவார்கள். எக்கோவைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது அது.

வேறு எதற்காகவாவது வேறு மருத்துவரிடம் போனாலும் இதய நோயை முதலில் சொல்லிவிடுங்கள். சலைன் ஏற்றுவதும் ஸ்டீராய்டு ஊசியும் மயக்க மருந்தும் ஒரு நோயுற்ற இதயத்தை ஒரே நாளில் செயலிழப்புக்குள் தள்ளிவிடலாம். வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலை மட்டும் ஒருபோதும் தொடாதீர்கள். அது எந்தப் பூனைக்கும் நஞ்சு.

பின்னங்கால் திடீரென்று விழுந்தால்

மேலறையில் உருவான உறைகட்டி பெயர்ந்து இரத்தத்தோடு போனால், பெரும்பாலும் வயிற்றின் பெருந்தமனி பின்னங்கால்களுக்குப் பிரியும் இடத்தில் போய் அடைக்கும். நன்றாக இருந்த பூனை திடீரென்று அலறும். பின்கால்களை இழுத்துக்கொண்டு போகும். பாதம் சில்லென்று இருக்கும், ரோஸ் நிறம் போய் வெளுத்தோ நீலம் பாய்ந்தோ தெரியும். மாடியிலிருந்து விழுந்திருக்கும், முதுகெலும்பு அடிபட்டிருக்கும் என்று எண்ணி எண்ணெய் தடவுவதும் ஒத்தடம் கொடுப்பதும் நடக்கின்றன. இது கடுமையான வலி. அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். பல பூனைகளில் இதய நோய் இருப்பதே இப்படித்தான் முதன்முதலாகத் தெரியவருகிறது.

சாப்பாடும் வீடும்

கருவாடு, அப்பளம், உப்புப் போட்டுச் சமைத்த குழம்பு மீன் வேண்டாம். உப்பு உள்ளே போனால் நீர் தேங்கும். அதற்காகப் பூனை வெறுக்கும் உணவைத் திணிக்கவும் வேண்டாம். இதய நோயில் பூனை சாப்பிடாமல் மெலிவது, கொஞ்சம் உப்பு கூடுவதைவிடப் பெரிய கேடு. டாரின் சேர்த்த நல்ல பூனை உணவை லேசாகச் சூடு செய்து, சிறிது சிறிதாகப் பல வேளை வைத்தால் மணத்துக்கு வரும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள்.

ஓடாதே, குதிக்காதே என்று கூண்டில் அடைக்கத் தேவையில்லை. தன் அளவு பூனைக்குத் தெரியும். குறைக்க வேண்டியது பதற்றத்தை. குளிப்பாட்டுவது, புதிய நாய்க்குட்டி, பண்டிகை வெடிச்சத்தம் எல்லாம் இதயத்துடிப்பை ஏற்றும். துடிப்பு ஏறினால் என்ன ஆகும் என்பது பஸ் கணக்கிலேயே தெரியும்: நிற்கும் நேரம் குறையும், நிறுத்தம் நிரம்பும். தீபாவளி நாட்களில் ஜன்னல்களைச் சாத்திய உள்ளறையில் அதன் படுக்கையையும் மண் பெட்டியையும் சேர்த்து வைத்துவிடுங்கள்.

எவ்வளவு காலம்

ஒரே பதில் கிடையாது. சில பூனைகள் சில மாதங்களே இருக்கின்றன. மருந்துக்கு நன்றாக இசைந்து இரண்டு ஆண்டுக்கு மேல் ஜன்னலோரம் காகத்தைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும் பூனைகளும் உண்டு. ஸ்டீராய்டு, சலைன் போன்ற ஏதோ ஒன்று தூண்டிவிட்டு வந்த செயலிழப்பு என்றால் மருந்தைக் குறைக்கும் அளவுக்குத் தேறுவதும் நடக்கிறது. மற்றவற்றில் காலப்போக்கில் மருந்தின் அளவு ஏறும், நீர் எடுக்கும் இடைவெளி குறையும்.

மருந்துக்கும் அடங்காமல் தூக்கத்திலும் மூச்சு திணறும் நிலை வந்தால், வலியில்லாமல் விடைகொடுப்பது பற்றி மருத்துவர் பேசுவார். அந்தப் பேச்சை நடுராத்திரி அவசரச் சிகிச்சை அறையில் முதன்முறையாகக் கேட்க நேர்வது கொடுமை. பூனை நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கும் ஒரு பரிசோதனை நாளிலேயே மருத்துவரிடம் கேட்டுவையுங்கள்: எந்த எண்ணைத் தாண்டினால் கூடுதல் ஃபியூரோஸமைட் கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம், இரவில் திறந்திருக்கும், ஆக்ஸிஜன் வசதியுள்ள மருத்துவமனை எது, எந்த நிலைக்குப் பிறகு சிகிச்சை பூனைக்கு வேதனையை மட்டும் நீட்டிக்கும். பதில்களை ஒரு தாளில் எழுதி, மருந்துப் பெயர்களோடு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். நீங்கள் ஊரில் இல்லாதபோது பூனையைப் பார்த்துக்கொள்பவருக்கும் அது வேண்டியிருக்கும்.